வால்வக்காவின் ஊற்று

காலையில் கண் விழித்ததும் வால்வக்கா செய்யும் முதல் வேலை, மேலே ஏறி ஊற்று வால்வைத் திறந்துவிட்டு வந்து, தொட்டிக்கு வரும் குழாயில் காதை வைத்துக் கேட்பது. பல் விளக்குவது, அடுப்புப் பற்றவைப்பது, கோழிகளைத் திறந்துவிடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். அன்றைக்கும் கேட்டாள். சத்தம் வந்தது. வந்தது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். போன மாதம் வரை உள்ளே ஆள் பேசுவது போலக் கேட்ட தண்ணீர், இப்போது யாரோ மூக்கை உறிஞ்சுவது போலக் கேட்டது.

"வருதா?" என்றார் அவள் கணவர், கட்டிலில் படுத்தபடியே.

"வருது வருது."

"நேத்து மாதிரியா?"

"நேத்து மாதிரிதான்."

பொய். நேற்றைவிடக் குறைவு. அது அவருக்கும் தெரியும். இந்தக் கேள்வியும் பதிலும் இல்லாமல் அவரால் எழுந்து உட்கார முடியாது என்பதால் இருவரும் தினமும் இதை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

வால்வக்கா என்ற பெயரை அவளுக்கு யாரும் கூடி உட்கார்ந்து வைக்கவில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கடலுக்கு அந்தப் பக்கம், சொந்த நாட்டில், ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார்கள். அங்கே தண்ணீர் லாரியில்தான் வரும். வந்த தண்ணீரை எந்த பிளாக்குக்கு எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது இவள் கையில். ஒருத்தரும் ஏற்க முன்வராத வேலை. ஒரு சண்டைக்கு நடுவே, "அப்ப நீயே பார்த்துக்கம்மா" என்று இவள் தலையில் கட்டினார்கள். கட்டியவர்களே பிறகு இவளுக்குப் பயந்தார்கள். மாடித் தொட்டி வழிந்து ஒரு சொட்டு கீழே விழுந்தது என்ற பேச்சு இவள் காலத்தில் கிடையாது. எங்காவது குழாய் சொட்டினால் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே போய், தானே திருகி மூடிவிட்டு வருவாள். ஒரே ஒரு தடவைதான் கெட்ட பெயர். ஏ பிளாக் வால்வை அளவுக்கு மீறி இறுக்கி மூடப்போக, போக வழியில்லாத தண்ணீர் சி பிளாக் சுவருக்குள் ஓடிய பழைய குழாயைப் பிளந்துகொண்டு, கீழ்வீட்டு அலமாரிக்குள் புகுந்துவிட்டது. கல்யாணப் பட்டுப்புடவை போச்சு என்று அந்த வீட்டுப் பெண் பேசிய பேச்சை இன்றைக்கும் மறக்க முடியாது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கரண்ட் போய் நடுவில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுத்துப்போடுவதே அவர் பிழைப்பு. பாதி வாழ்க்கையை இருட்டுக் குழிகளுக்குள் டார்ச்சும் ஸ்பேனருமாகக் கழித்த மனிதருக்கு ஐம்பதை நெருங்கும்போது ஒரு யோசனை பிடித்துக்கொண்டது.

"கரண்ட் போனா நிக்கிறோம். லாரி வரலைன்னா நிக்கிறோம். கேஸ் வரலைன்னா நிக்கிறோம். நம்ம ஸ்விட்சு எவன் கையிலயோ இருக்கும்மா. நம்ம கையில இருக்கணும்."

சொந்த நாட்டில் நிலம் விற்ற விலைக்கு ஒரு கோழிக்கூண்டு போடும் இடம்கூடத் தேறாது. இந்த நாட்டில் மலைச்சரிவுகள் மலிவு. இளசுகள் எல்லாம் நகரத்துக்கு இறங்கிப் போய்விட்டதால், கல்வீடும் நிலமுமாகச் சும்மா கிடந்தன. போனில் படம் பார்த்தே அவர் பாதி முடிவு செய்துவிட்டார். மீதியை, ஊற்று இருக்கிறது என்று தெரிந்ததும் இவள் முடிவு செய்தாள். அதை யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. சொந்தத் தண்ணீர், பாறை இடுக்கிலிருந்து, கேட்பாரில்லாமல், இரவும் பகலும் வரும் தண்ணீர். அதற்காகத்தான் அவள் வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டாள்.

வந்து சேர்ந்த முதல் வருஷம் இடுப்பு ஒடிந்தது. கூரையில் சூரியத் தகடுகளை ஏற்றினார்கள். பேட்டரிக்கு ஒரு சின்ன அறை கட்டினார்கள். தண்ணீர் தேவைப்படாத, மரத்தூள் தூவி மூடும் கக்கூஸ் ஒன்றை அவரே அமைத்துவிட்டு, லிஃப்ட் திறப்பு விழா மாதிரி கதவைத் திறந்து காட்டினார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்து, "பரவாயில்லை" என்றாள். சரிவைப் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கி, அவரையும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பரங்கியும் போட்டார்கள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்து, கடைசியில் வலி தெரியாமல் போனது.

ஊற்றுக் கண்ணைச் சுற்றி அவர் சிமெண்டில் ஒரு பெட்டி கட்டினார். பெட்டியின் அடியிலிருந்து வீட்டுத் தொட்டிக்கு ஒரு குழாய். மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே, இன்னொரு குட்டிக் குழாய், நிரம்பினால் வெளியே வழிவதற்கு. கீழ்க் குழாயில் பொருத்த ஒரு வால்வு வேண்டுமே. கடைவீதிக்கு இறங்கிப் போனவர் கனத்த பித்தளை வால்வு ஒன்றை, சிவப்புச் சக்கரம் வைத்தது, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அன்றைக்கு அவர்கள் கல்யாண நாள்.

"மத்தவங்க பொண்டாட்டிக்கு வளையல் வாங்கித் தருவாங்க."

"அதுவும் வட்டமா இருக்கு, இதுவும் வட்டமா இருக்கு. போட்டுக்க."

திட்டினாளே தவிர, அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு யாருக்கு இப்படி ஒரு பரிசு பொருந்தும்.

போன் சிக்னல் வீட்டில் கிடைக்காது. ஊற்றுக்குப் பக்கத்தில் உள்ள பாறைமேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கே போய், சொந்த நாட்டில் கட்டிக்கொடுத்த மகளோடு பேசுவாள். பேசிக்கொண்டே நிற்கும்போது கீழே வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்து மண்ணில் ஓடுவது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வால்வக்காவால் ஆகுமா. முதல் வாரமே வால்வைத் திருகி மூடினாள். மூடியதும் பெட்டி நிரம்பி, மேலே இருந்த குட்டிக் குழாய் வழியாக வழிந்தது. அதுவும் பொறுக்கவில்லை. பழைய துணியைப் பந்தாகச் சுருட்டி, சைக்கிள் டியூப் துண்டில் பொதிந்து, அந்தக் குழாயின் வாயில் அடைத்தாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி அவளுக்குப் பாட்டுக் கேட்பது போல இருந்தது.

காலையில் போய்த் திறந்தால், பெட்டி விளிம்புவரை நின்ற தண்ணீர் திமிறிக்கொண்டு இறங்கும். "பார்த்தீங்களா, சேர்த்து வச்சது" என்பாள். வால்வை மூடுவது அவருக்குத் தெரியும். துணிப்பந்து தெரியாது. அவள் மறைக்கவும் இல்லை, சொல்லவேண்டும் என்று தோன்றவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் படுப்பதை யாராவது புருஷனிடம் சொல்லிக்கொண்டிருப்பார்களா.

இப்போது மழை நின்று வெகுநாள் ஆகிவிட்டது. அடுத்த மழை எப்போது என்று வானத்தைத்தான் கேட்கவேண்டும். தண்ணீர் குறையக் குறைய அவள் இன்னும் அதிக நேரம் மூடிவைத்தாள். மூடிவைக்க வைக்க இன்னும் குறைந்தது. கோடைதானே, குறையத்தான் செய்யும் என்று முதலில் நினைத்தார்கள். அப்புறம் நினைப்பதை நிறுத்திவிட்டு, பரங்கிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினார்கள். அப்புறம் வெங்காயம். அவரைப் படிகளை மட்டும் காப்பாற்றினால் குளிர்காலத்துக்கு வயிற்றுக்கு இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார்.

"வித்தவன் ஏமாத்திட்டான்" என்றார் அன்று காலை, ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல். "மழை நேரத்துல கூட்டிட்டு வந்து காட்டினான் பாரு. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்."

"போன கோடையில வந்துச்சேங்க. நல்லாத்தானே வந்துச்சு."

"அப்ப இந்த வருஷம் மட்டும் என்ன கேடு?"

"சாப்பிடுங்க முதல்ல."

"தொட்டி அடியில இருக்குறது எவ்வளவு நாளைக்கு வரும்?"

அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். ஒரு தொட்டியில் குச்சியை விட்டுப் பார்த்தால் எத்தனை பேருக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லக்கூடியவள் அவள். குச்சி விட்டுப் பார்த்தும் இருந்தாள். அதனால்தான் சொல்லவில்லை. அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ராத்திரி தூங்குவதில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையைக் குத்துகிறார், ஒன்றும் வராமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறார். தண்ணீர் போனாலும் போகட்டும், இந்த மனிதர் போய்விடுவாரோ என்பதுதான் அவள் பயம்.

சாயங்காலம் மகள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு என்ன? பேசவே மாட்டேங்குறாரு."

"வேலை அதிகம்டி."

"தண்ணி இல்லைதானே? மறைக்காதீங்க. லாரி வருமா அங்க?"

"லாரியா? ஆடே முக்கி முக்கித்தான் ஏறுது இந்த வழியில."

"அப்ப கிளம்பி வந்துடுங்க. இங்க ஒரு ரூம் இருக்கு. உங்க மாப்பிள்ளையும் அதைத்தான் சொல்றாரு."

"மாப்பிள்ளை வீட்டு ரூம்ல உங்கப்பா எத்தனை நாள் உட்காருவாரு? ஃபேனைக் கழட்டி மாட்டிட்டு, கதவுக்கு எண்ணெய் போட்டுட்டு, அப்புறம்?"

"உயிரோட இருப்பாரும்மா."

"பார்க்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்தாள். வழக்கம் போல வால்வை மூடிவிட்டு, துணிப்பந்து இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

அடுத்த நாள் ஆட்டுக்காரம்மா வந்தாள். சரிவின் கீழ்ப்பக்கம், வேலிக்கு அந்தப் புறம், தனியாக ஆடுகள் வைத்துக்கொண்டு இருப்பவள். இந்த நாட்டுக்காரி. வால்வக்காவுக்கு அவள் மொழியில் ஒரு கைப்பிடி வார்த்தைகள்தான் தெரியும். மிச்சத்தை இருவரும் கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்வார்கள். அந்தம்மா நிலத்தில் தண்ணீர் கிடையாது. அடிவாரத்து ஓடையிலிருந்து தினமும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வருவாள். அன்று அவள் கையில் துணியில் கட்டிய பாலாடைக்கட்டி இருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. கட்டியைக் கொடுத்துவிட்டு வால்வக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வேலியைத் தாண்டி, ஒரு பழைய மரத்தின் வேர் மண்ணைப் பிளந்திருந்த இடத்தில் பச்சைப் புல் குப்பென்று முளைத்திருந்தது. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, அங்கே மட்டும். வேருக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர், கட்டைவிரல் தடிமனுக்கு. கீழே ஒரு பழைய குளியல் தொட்டியைப் போட்டு வைத்திருந்தாள், அதில் ஆடுகள் வாய் வைத்துக்கொண்டிருந்தன.

"தண்ணீர்" என்றாள் ஆட்டுக்காரம்மா தன் மொழியில். வானத்தைக் காட்டினாள். நெஞ்சில் கை வைத்தாள். "புதுசு."

"நல்லது" என்றாள் வால்வக்கா. அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். மேலே நிமிர்ந்து பார்த்தாள். மரத்துக்கு நேர் மேலே அவர்களுடைய காய்ந்த படிகள், அதற்கும் மேலே சிமெண்டுப் பெட்டி. எல்லாம் ஒரே கோட்டில். சி பிளாக்கின் கீழ்வீட்டு அலமாரி அவள் கண்முன் வந்து நின்றது. போக வழியில்லாத தண்ணீர். குழாய்க்கு அது பொருந்தும் என்று தெரிந்தவளுக்கு, மண்ணுக்கும் பொருந்தும் என்று தோன்றாமல் போயிற்றே.

இருந்தாலும் ஒரு நப்பாசை. வீட்டுக்கு வந்து, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை எடுத்தாள். குடிக்க வைத்திருந்ததில் ஒரு வாளித் தண்ணீரில், மனசைக் கல்லாக்கிக்கொண்டு, நீலம் முழுவதையும் கரைத்துப் பெட்டிக்குள் ஊற்றினாள். வால்வு மூடியே இருந்தது. அவர் மேல்படியில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.

மறுநாள் வேலிக்குப் போனபோது ஆட்டுக்காரம்மா தொட்டிக்குப் பக்கத்தில் கவலையோடு குந்தியிருந்தாள். ஆடுகளைக் கட்டிப்போட்டிருந்தாள். முந்திக்கொண்டு குடித்துவிட்ட ஒரு வெள்ளைக் குட்டியின் வாய் நீலமாக இருந்தது, பள்ளிக்கூடத்தில் பேனாவைக் கடித்த பிள்ளை மாதிரி. "கெட்டதா? நஞ்சா?" என்று அந்தம்மா கேட்பது புரிந்தது. வால்வக்கா குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக் காட்டினாள். இரும்பு வாடையோடு அதே ருசி. தினமும் குடித்த தண்ணீர். "நல்லது, நல்லது" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆட்டுக்காரம்மா அதை வேறு எப்படியோ புரிந்துகொண்டு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை.

"வித்தவன் ஏமாத்தலைங்க. நான்தான் கெடுத்தேன்."

"என்ன கெடுத்த?"

"பெட்டியில மேல ஒரு சின்னக் குழாய் வச்சீங்கல்ல. அதை அடைச்சு வச்சிருந்தேன்."

"எப்ப?"

"ஆரம்பத்துலருந்தே. தினமும் சாயங்காலம்."

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"தண்ணி வேற வழி பார்த்துக்கிச்சு. ஆட்டுக்காரம்மா நிலத்துல போய் வந்துட்டிருக்கு. நீலம் கலந்து ஊத்திப் பார்த்தேன். அதேதான்."

வெளியே கோழி ஒன்று எதையோ கிளறிக்கொண்டிருந்தது.

"அந்தக் குழாய் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றார். "நானும் சும்மா போன்ல பார்த்த படத்துல இருந்துச்சுன்னுதான் வச்சேன். நெரம்பினா வழியட்டும்னு. அடைச்சா இப்படி ஆகும்னு எனக்கு மட்டும் என்ன தெரியும்."

"என்னைத் திட்டிடுங்க."

"திட்டினா வருமா?" கையைக் கழுவப் போனவர், தண்ணீரை நினைத்துத் துணியில் துடைத்துக்கொண்டார். "வால்வை வாங்கிக் குடுத்ததே நான்தானே."

இருவரும் மேலே போனார்கள். துணிப்பந்தைப் பிடுங்கி எறிந்தார்கள். வால்வை முழுக்கத் திறந்தார்கள். பெட்டிக்குள் இருந்த சேற்றை அவர் கையால் வழித்து எடுத்தார். பாறைக் கண்ணைக் குச்சியால் கிளறினார். அன்று முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கசிவு கசிவாகவே இருந்தது. மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். கீழே தண்ணீருக்கு நல்ல வீடு அமைந்துவிட்டது, திரும்பி வர அதற்கு என்ன அவசரம்.

"ஆட்டுக்காரம்மாவைக் கேட்டு ரெண்டு கேன் எடுத்துட்டு வரவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்."

"நம்ம தண்ணிதானேங்க."

"நம்ம தண்ணியை நாமளே போய்க் கையேந்தி வாங்கவா? லாரிக்காரன்கிட்ட நின்னது போதாதா? இதுக்கா கடல் தாண்டி வந்தோம்?"

அவர் குரல் உடைந்துவிட்டது. அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் துடைத்து வைத்தாள். அவரை இலைகள் ஓரத்தில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.

தொட்டியில் குச்சி விட்டால் நுனி மட்டும் நனையும் நிலைமைக்கு வந்தபோது, ஆட்டுக்காரம்மா மறுபடி மேலே ஏறி வந்தாள். இந்தத் தடவை ஏதோ கேட்க வந்திருந்தாள். மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினாள். வேர், அதைச் சுற்றிச் சுவர், சுவரில் குழாய். சிமெண்ட் வாங்கிப் பூசிவிட்டாளாம். ஆடுகள் மிதித்துச் சேறாக்குகின்றன, இரவெல்லாம் வீணாக ஓடுகிறது. ஊற்றுப் பெட்டியில் இருந்த பித்தளை வால்வை விரலால் சுட்டினாள். சும்மாதானே இருக்கிறது, கொடுப்பீர்களா? ராத்திரி மூடிவைத்துக்கொள்வேன். காலையில் திறப்பேன்.

வால்வக்கா கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அது அவளுக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்குக் கழட்டித் தர்றோம்னு சொல்லு" என்றார்.

ஆட்டுக்காரம்மா போகும்வரை காத்திருந்து அவள் கேட்டாள், "அவங்க மூடினா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியாது. யாருக்குத் தெரியும்? திரும்ப இங்க வந்தாலும் வரும். வேற எங்கயாவது போனாலும் போகும்."

"இங்க வரும்னுதானே குடுக்கச் சொல்றீங்க?"

"நாம மூடச் சொல்லலையே. அவங்களா வந்தாங்க, அவங்களா கேட்டாங்க."

"மூடாதீங்கன்னும் சொல்லலை."

"நீ அவங்களுக்கு அம்மாவா, அக்காவா? நம்ம தண்ணிம்மா அது. நம்ம வீட்டை வித்து வாங்கின தண்ணி."

"வேற எங்கயாவது போயிட்டா?"

"ரெண்டு பேருக்கும் இல்லாமப் போகும். அப்ப கணக்கு சரியாயிடும்." சொல்லிவிட்டு அவரே கூசிப்போனார். "வேற என்ன செய்யச் சொல்ற? சொல்லேன். அடுத்த வாரம் குடிக்க என்ன பண்ணுவ?"

அவர் சொன்னதில் எது பொய்? எல்லாம் உண்மைதான்.

காலையில் அவர் ஸ்பேனர் வைத்து வால்வைக் கழற்றினார். பாசியைச் சுரண்டி, துணியால் பளிச்சென்று துடைத்து, பைக்குள் போட்டு நீட்டினார்.

"நீயே கொண்டு போய்க் குடு. என்னால அந்தம்மா மூஞ்சியைப் பார்க்க முடியாது."

வால்வக்கா பையை வாங்கிக்கொண்டாள். வாசலில் கிடந்த காலி கேனையும் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

ஆட்டுக்காரம்மா வால்வைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினாள். சுவர் நேர்த்தியாகத்தான் கட்டியிருந்தாள். குழாய் நுனியில் சணல் சுற்றி, வால்வைப் பொருத்தி, முறுக்கினாள். தண்ணீர் அதன் வழியாகப் பாய்ந்து தொட்டியில் விழுந்தது. பெருமையோடு வால்வக்காவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சிவப்புச் சக்கரத்தைச் சுற்றினாள். ஓட்டம் மெலிந்து, நூலாகி, நின்றது.

அதே அமைதி. ஒரு காலத்தில் பாட்டுப் போலக் கேட்டது. இப்போது சுவருக்குப் பின்னால் தண்ணீர் முட்டுவதும், மண்ணுக்குள் வழி தேடுவதும் காதில் கேட்பதாகவே அவளுக்குப் பட்டது. பேசாமல் திரும்பி நடந்துவிடலாம். யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. சில வாரங்களில் ஒரு காலையில் குழாயில் காதை வைத்தால் பேச்சுச் சத்தம் கேட்கலாம். அவர் ரொட்டி தின்பார். தூங்குவார். அவள் திரும்பக்கூடச் செய்தாள். அந்த வெள்ளைக் குட்டி, வாயோரத்து நீலம் இன்னும் முழுசாகப் போகாமல், தண்ணீர் நின்ற குழாயை நக்கிக்கொண்டு நின்றது.

வால்வக்கா குனிந்து சக்கரத்தைப் பிடித்தாள். ஒரே மூச்சில் முழுக்கத் திறந்துவிட்டாள்.

"மூட வேண்டாம்" என்றாள், தெரிந்த வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்து. "ராத்திரி வேண்டாம். எப்பவும் வேண்டாம்."

"ஏன்?" என்றாள் ஆட்டுக்காரம்மா.

வால்வக்கா மலையைக் காட்டினாள். சிமெண்டுப் பெட்டியைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். "நான். மூடினேன். தினமும்." உள்ளங்கையால் எதையோ அடைத்துக் காட்டி, மறுகையின் விரல்களை மண்ணுக்குள் நுழைவது போல இறக்கி, அந்த வேர்வரை கொண்டுவந்து நிறுத்தினாள். கையில் நீலம் கரைப்பது போலக் காட்டினாள். குட்டியின் வாயைக் காட்டினாள்.

ஆட்டுக்காரம்மா முதலில் விரல்களைப் பார்த்தாள். பிறகு தொட்டியின் விளிம்பில் படிந்திருந்த நீலக் கோட்டைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, காய்ந்து கிடந்த பரங்கிப் படிகளையும் மஞ்சளாகும் அவரையையும் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெல்லப் போயிற்று. கோபமா, பயமா என்று வால்வக்காவால் கண்டுகொள்ள முடியவில்லை. தண்ணீரைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாளோ. அதை மறுக்க அந்த மொழியில் வால்வக்காவுக்கு வார்த்தை தெரியாது.

ஆட்டுக்காரம்மா எழுந்தாள். தொட்டியைச் சுற்றி நின்ற ஆடுகளை அதட்டி விலக்கினாள். வால்வக்காவின் காலடியில் இருந்த கேனை எடுத்து, மூடியைத் திருகிக் கழற்றி, குழாய்க்கு நேராக வைத்தாள். இருவரும் அது நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிரம்பி, வாய்வழியாக வழிந்து, மண்ணில் ஓடியது. வால்வக்காவின் கை தன்னையறியாமல் சக்கரத்தை நோக்கிப் போய், பாதியில் நின்றுவிட்டது.

கனத்த கேனைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். வேலியருகில் அவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, எதையெல்லாம் பார்த்தாரோ தெரியாது. இறங்கி வந்து கேனை வாங்கிக்கொண்டார்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"மூடினாங்களா?"

"மூடினாங்க. நான் தெறந்துவிட்டுட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவர் கேனைக் கீழே வைத்தார். கீழே, ஆட்டுக்காரம்மா இன்னும் தொட்டி ஓரத்திலேயே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் இங்கேவரை கேட்டது. அவர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மேல்துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு கேன் இருந்துச்சே," என்றார், "எங்க வச்ச?"